மழைக்கு முன் மண்ணைத் தயார்படுத்துவோம்

மேலைநாட்டுத் தோட்ட நூல்கள் எல்லாம் இலையுதிர் காலத்தில் மண்ணை வளப்படுத்தச் சொல்கின்றன. அங்கே அது கோடை முடிந்து, மரங்கள் இலை கொட்டி, பனிக்காலம் தொடங்கும் பருவம். நம் ஊரில் அதே செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் புரட்டாசி வெயிலும் ஐப்பசி மழையும் சந்திக்கும் நேரம். மரங்கள் அப்போது இலை உதிர்ப்பதில்லை. நம் வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஆனாலும் மண்ணைப் பொறுத்தவரை அந்த அறிவுரை நமக்கும் பொருந்துகிறது, வேறொரு காரணத்துக்காக. தமிழ்நாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அந்த நீரை நம் கொல்லை மண் பிடித்து வைக்கப் போகிறதா, கீழே விட்டுவிடப் போகிறதா என்பது மழைக்கு முந்தைய சில வாரங்களில் முடிவாகிவிடுகிறது.

நம் சமுதாயம் அடர்ந்து வாழும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் வீட்டுக் கொல்லைகள் பெரும்பாலும் மணற்பாங்கானவை. “எவ்வளவு எரு போட்டாலும் இந்த மண் தின்னுடுது” என்று தாய்மார்கள் சலித்துக்கொள்வதை இந்த ஊர்களில் அடிக்கடி கேட்கிறோம். அது உண்மைதான். மணல் துகள் பெரியது. துகளுக்கும் துகளுக்கும் இடையிலான இடைவெளியும் பெரியது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்குகிறது, போகும்போது கரைந்த சத்தையும் கூடவே கொண்டுபோகிறது. களிமண் துகள்களும் மக்கிய இலைதழையும் சத்தைத் தம்மோடு ஒட்டவைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மணலுக்கு அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. போதாக்குறைக்கு நம் வெப்பத்தில் மக்குப் பொருள் வேகமாகச் சிதைந்துவிடும். குளிர்நாட்டில் ஒருமுறை போட்டது பல ஆண்டுகள் நிற்கலாம். இங்கே ஆண்டுதோறும் போட்டாக வேண்டும்.

ஆகவே மணல் கொல்லைக்கு உரமிடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. நீரையும் சத்தையும் பிடித்து வைப்பவற்றை மழைக்கு முன் மண்ணில் கலக்க வேண்டும். செடிக்கு நேரடியாக ஊட்டம் தருபவற்றை, பெருமழை ஓய்ந்த பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. மழை வரப்போகிறது என்றதும் ஆட்டுப்புழுக்கையையும் கடலைப் புண்ணாக்கையும் வாங்கி மேலாகத் தூவிவிடுகிறார்கள். ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் அதன் சத்தில் பெரும்பகுதி வேர் எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. பணமும் உழைப்பும் வீண்.

பிடித்து வைப்பவற்றில் முதலாவது, நன்கு மக்கிய எரு. 10 அடிக்கு 10 அடிப் பாத்தியில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேல்மண்ணில் அரையடி ஆழம் வரை கொத்திக் கலக்க வேண்டும். இதற்குச் சுமார் 17 கன அடி எரு தேவைப்படும். சிமெண்டுச் சாக்குக் கணக்கில் ஏறக்குறைய 14. முதல் ஆண்டுக்கு இது அதிகமாகத் தெரியும். அடுத்த ஆண்டிலிருந்து ஓர் அங்குலம் போட்டால் போதும். எரு நன்றாக மக்கியிருக்கிறதா என்பதற்குக் கை, மூக்கு இரண்டுமே சாட்சி: உதிர்ந்து விழ வேண்டும், மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். சூடும் நாற்றமும் இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பொருள், நம் கடற்கரையோரம் எளிதாகக் கிடைப்பது. ஆனால் இதைப் பச்சையாகப் போடுவது தவறு. அதில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிரிகள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகி நிற்கும். உப்புநீரில் ஊறிய மட்டையின் கழிவாக இருந்தால் உப்பும் சேர்ந்து வரும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, சாணக் கரைசலோடு சேர்த்து மக்கவைத்த பிறகே பாத்திக்குக் கொண்டுவர வேண்டும். செங்கல் வடிவில் கடையில் விற்பதையும் ஊறவைத்து அலசிப் பிழிந்துவிட்டே பயன்படுத்துவது நல்லது.

மூன்றாவதாகச் சொன்னாலும் மணலுக்கு நிலையான மருந்து வண்டல் மண்தான். கண்மாய், குளங்களில் படிந்த வண்டலில் களித்துகள் இருக்கிறது. எரு ஆண்டுக்கு ஆண்டு கரைந்துபோகும், களி அப்படிப் போகாது. அரசு அனுமதி பெற்று எடுப்பவரிடமிருந்து ஒரு டிராக்டர் லோடு கிடைத்தால் நாலைந்து வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டில் களிமண் கொல்லை வைத்திருப்பவர்கள் “இளகட்டும்” என்று கொஞ்சம் மணலைக் கொட்டுகிறார்கள். காய்ந்ததும் அது செங்கல்போல் இறுகும். களிமண்ணுக்கும் மருந்து மக்கிய எருவே. கடற்கரை மணலை எந்தக் கொல்லைக்கும் கொண்டுவரக் கூடாது.

நனைந்தால் கூழாகி, காய்ந்தால் பாளமாக வெடிக்கும் களர் நிலத்துக்கு ஜிப்சம் உதவும். மணலுக்கு அந்தச் செலவு தேவையில்லை. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான்: சிப்பித்துகள் கலந்த கடலோர மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. அதில் சாம்பலைக் கொட்டினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் போய், இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்து நிற்கும்.

கோடை முழுவதும் சற்று உவர்ப்பான கிணற்று நீரைப் பாய்ச்சும் வீடுகளில் மண்ணின் மேல் வெள்ளை பூத்திருக்கும். அந்த உப்பைக் கழுவி இறக்க மழைநீரை விடச் சிறந்தது எதுவும் இல்லை. மழைக்கு முன் மண்ணைக் கொத்திவிட்டு, பாத்தியைச் சுற்றிச் சிறு வரப்புக் கட்டினால் நீர் ஓடிவிடாமல் உள்ளே இறங்கும். ஊட்ட உரத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பை இறக்கும் அதே நீர் சத்தையும் இறக்கிவிடும்.

எருவுக்கு எங்கே போவது? மாசி, பங்குனியில் கூட்டி எரிக்கும் வேப்பஞ்சருகை ஒரு மூலையில் குவித்து அவ்வப்போது நனைத்துவந்தால் புரட்டாசிக்குள் மக்கிவிடும். ஒளூச் செய்த தண்ணீரை அதற்குத் திருப்பிவிடலாம். சோப்பு கலக்காத நீர் அது. இரண்டாவது மூலம் நாம் வீணாக்குவது மட்டுமல்ல, பிறருக்குத் தொல்லையாகவும் ஆக்குவது: குர்பானிக் கழிவு. அறுத்த ஆட்டின், மாட்டின் இரைப்பையில் பாதி செரித்த புல் நிறைய இருக்கிறது. அதைப் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் வீசினால் மூன்று நாள் நாற்றம், அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்பு, நம் பெருநாளைப் பற்றியே கசப்பு. இப்போதைய ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. அன்றே குழியில் இட்டால் புரட்டாசிக்குள் மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. இரைப்பைப் புல் ஒரு பங்குக்குச் சருகு இரண்டு பங்கு என மாற்றி மாற்றி அடுக்கி, மேலே அரையடி மண் மூட வேண்டும். இரத்தத்தையும் சருகு, மண்ணோடு கலந்தே மூடலாம். எலும்பையும் தோலையும் இதில் சேர்க்க வேண்டாம். மணல் நிலத்தில் கழிவுநீர் எளிதில் ஊற்றுக்குப் போய்விடும் என்பதால் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தனித்தனி வீடுகளில் இதற்கு இடமில்லை. மஹல்லா ஜமாஅத் ஓர் இடம் ஒதுக்கினால் ஊர் முழுவதற்கும் ஆகும்.

இங்கே தவறாமல் எழும் கேள்வி: “நஜீஸான சாணத்தில் வளர்ந்த கீரையைச் சாப்பிடலாமா?” ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் நிலத்துக்கு எருவிடுவது அனுமதிக்கப்பட்டதே. அதில் விளைந்த பயிர் சுத்தமானது. வெளியே ஒட்டியிருப்பதைக் கழுவினால் போதும். விலை கொடுத்து வாங்குவதில்தான் வேறுபாடு. ஹனஃபீ மத்ஹபில் சாணத்தை விற்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை விற்பது செல்லாது. ஆனால் வைத்திருப்பவர் தம் உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக ஒரு தொகையைப் பெறலாம் என்று அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர். வண்டிக்கூலியும் சுமைக்கூலியும் எப்படியும் கூலிதான்.

சாணத்தை நன்கு மக்கவைத்தே இட வேண்டும் என்பது உடல்நலத்துக்கும் அவசியம். புதினா, மல்லி போலப் பச்சையாக உண்பவற்றின் பாத்தியில் புதுச்சாணம் கூடவே கூடாது. கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த அறிவு நம் முன்னோரிடம் ஆழமாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால், மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து எழுதினார். அடுத்த நூற்றாண்டில் செவில்லே நகரின் இப்னுல் அவ்வாம் தொகுத்த ‘கிதாபுல் ஃபிலாஹா’ எருவைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. 1802இல் அதை ஸ்பானிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார்கள்; எழுதி ஆறு நூற்றாண்டுக்குப் பிறகும் அது பயன்படும் என்று கருதினார்கள். நம் மதரஸாக்களில் இந்நூலின் பெயரைக்கூடக் கேட்பது அரிது.

இனி மழைக்காலத்துக்கு வருவோம். பாத்தியைத் தயாரித்த பின் வெற்று மண்ணாக விடக் கூடாது. காய்ந்த தென்னோலை, வைக்கோல், சருகு எதையாவது இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பினால், மழைத்துளி மண்ணை அடித்துக் கரைக்காது. வேர்ப்பகுதியை மட்டும் சற்று விலக்கி வைக்க வேண்டும், இல்லையேல் தண்டு அழுகும். காலி இடம் இருந்தால் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி மண்ணில் புதைக்கலாம்.

பெருமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில், ஆட்டெருவுக்கு வேலை வருகிறது. மாட்டெருவில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம் என்றால் ஆட்டெருவில் சுமார் மூன்று சதவீதம். வேளாண் பாடநூல்கள் தரும் கணக்கு இது. எனவே அள்ளிக் கொட்டத் தேவையில்லை. ஒரு செடிக்கு இரண்டு கைப்பிடி தூளாக்கி, மூடாக்கை விலக்கி, மண்ணில் கிளறி, மறுபடி மூட வேண்டும். பதினைந்து இருபது நாள் கழித்து இன்னொரு முறை. சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருப்போருக்கும் வரிசை இதுவே. அங்கே பையின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் மழைக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.