கமலி மூர்த்தி

கமலி மூர்த்தி தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தைச் சேர்ந்த சறுக்குப்பலகை வீராங்கனையும் அலைச்சறுக்கு வீராங்கனையும் ஆவார். ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப்பலகை விளையாட்டில் தமிழகத்திலிருந்து உலகக் கவனம் பெற்ற முன்னோடிகளுள் ஒருவர். இவரைப் பற்றிய கமலி என்னும் ஆவணக் குறும்படம் 2020 இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

பின்னணி

மாமல்லபுரம் பல்லவர் காலச் சிற்பங்களுக்காக அறியப்படும் ஊர். அதன் கடற்கரையை ஒட்டிய மீனவக் குடியிருப்பில் கமலி வளர்ந்தார். கோவளம், மாமல்லபுரம் கரைகளில் 2000 ஆம் ஆண்டிற்குப் பின்னர் மீனவ இளைஞர்களிடையே அலைச்சறுக்கு வேரூன்றியது. சறுக்குப்பலகையும் அதன் துணையாகவே இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது எனலாம். இவ்விளையாட்டின் தோற்றமும் அவ்வாறானதே. 1950களில் கலிபோர்னியாவில், அலை எழாத நாட்களில் தரையிலேனும் சறுக்க விரும்பிய அலைச்சறுக்கு இளைஞர்கள் பலகையின் அடியில் சக்கரங்களைப் பொருத்தினர். 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரங்கள் வந்த பின்னரே அப்பலகைக்குத் தரையில் நல்ல பிடிமானம் கிடைத்தது.

பலகையின் மேற்புறத்தில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டப்பட்டிருக்கும். காலணி வழுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. வெறுங்காலுடன் அதன்மீது நிற்பவரின் பாதம் எளிதில் உராய்ந்து புண்படும். கமலியோ சிறுவயதில் வெறுங்காலுடனேயே சறுக்கிப் பழகினார்.

புகழ் பெறல்

கவுன் அணிந்து, காலணியின்றிச் சரிவுத்தளத்தில் சறுக்கிவரும் சிறுமி கமலியின் ஒளிப்படம் ஒன்றை அமெரிக்க வீரர் டோனி ஹாக் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். 1999 இல் எக்ஸ் விளையாட்டுகளில், காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுழன்று தரையிறங்கும் வித்தையை முதன்முதலாக நிகழ்த்திக் காட்டியவர் ஹாக். அவர் பகிர்ந்த படம் என்பதாலேயே அது பல நாடுகளிலும் பரவியது. போட்டிக் களத்தில் பெயர் பெறுவதற்கு முன்பாகவே கமலிக்குப் புகழ் வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

ஆவணப்படம்

நியூசிலாந்தைச் சேர்ந்த இயக்குநர் சாசா ரெயின்போ, வைல்டு பீஸ்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் ஆல்ஃபா ஃபீமேல் பாடலுக்கான காணொளியைப் பெங்களூரில் சறுக்குப்பலகை விளையாடும் பெண்களைக் கொண்டு படமாக்கியவர். இந்தியாவின் முதல் தொழில்முறைச் சறுக்குப்பலகை வீராங்கனை எனக் குறிப்பிடப்படும் அதிதா வர்கீஸ் அந்நகரத்தவரே. ரெயின்போ பின்னர் மாமல்லபுரத்தில் எடுத்த கமலி 2019 இல் வெளியானது.

படத்தில் கமலிக்கு ஏழு வயது. ஊரில் சறுக்குப்பலகை விளையாடும் ஒரே சிறுமி அவர். எனினும் படத்தின் பாதிக் கதை அவருடைய தாயினுடையது. கணவரைப் பிரிந்து தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் அப்பெண், தமக்குக் கிட்டாத சுதந்திரம் மகளுக்குக் கிட்ட வேண்டும் என விரும்புகிறார். தம் கடந்தகாலத் துயரிலிருந்து விடுபட வேண்டி அவர் மேற்கொள்ளும் புனிதப் பயணமும் படத்தில் இடம்பெறுகிறது. மகளின் சாகசத்தை மட்டும் காட்டியிருந்தால் இது இன்னொரு விளையாட்டுப் படமாகவே நின்றிருக்கும்.

2020 பெப்ரவரியில் நடைபெற்ற பாஃப்டா விழாவில், சிறந்த பிரித்தானியக் குறும்படப் பிரிவில் இப்படம் போட்டியிட்டது. அவ்வாண்டு அதே பிரிவில் சிறுமியரின் சறுக்குப்பலகை விளையாட்டைப் பற்றிய மற்றொரு படமும் இருந்தது வியப்புக்குரியது. காபூலில் ஸ்கேட்டிஸ்தான் அமைப்பின் பள்ளியில் பயிலும் ஆப்கானியச் சிறுமியரைப் பற்றி கேரல் டைசிங்கர் இயக்கிய அப்படமே விருதை வென்றது. அதற்கு அடுத்த வாரம் ஆஸ்கர் விருதும் அதற்கே கிடைத்தது.

அலைச்சறுக்குக்கு மாற்றம்

சறுக்குப்பலகையும் அலைச்சறுக்கும் 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒருசேர அறிமுகமாயின. அங்கு மகளிர் தெருச் சறுக்குப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு வயது 13 மட்டுமே. அத்தகைய வீராங்கனை உருவாக, நாள்தோறும் பழகுவதற்கான கற்காரைத் தளங்களும் படிக்கட்டுகளும் கைப்பிடிக் கம்பிகளும் கொண்ட பூங்காக்கள் வேண்டும். இந்தியாவில் இவை மிகச் சில. மாமல்லபுரத்தில் வளரும் ஒருவருக்குக் கடலோ வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கமலியின் போட்டி வாழ்க்கை அலைச்சறுக்கின் பக்கம் திரும்பியதை இப்பின்னணியில் காண வேண்டும். பலகைமீது சமநிலை காத்தல், உடலைத் தாழ்த்தித் திருப்புதல் போன்ற அடிப்படைகள் இரண்டுக்கும் பொதுவாதலால் முன்னைய பழக்கம் வீணாகவில்லை.

தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டிகளில் கமலி தமிழ்நாட்டு வீராங்கனையாகப் பங்கேற்று, 16 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் தம்மினும் மூத்தவர்கள் போட்டியிடும் மகளிர் பொதுப் பிரிவிலும் பட்டங்களை வென்றுள்ளார்.