கறந்த பாலைக் குளிரச் செய்யும் விதம்

கறந்த பாலின் உஷ்ணம் சுமார் 38 டிகிரி சென்டிகிரேடு. அந்த வெதுவெதுப்பில் கிருமிகள் விரைவாய்ப் பெருகிப் பாலைப் புளிக்கச் செய்கின்றன. புளித்த பாலைச் சங்கம் ஏற்பதற்கில்லை, நஷ்டம் அங்கத்தினருக்கே.

உஷ்ணமானது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானே செல்லும் இயல்புடையது. அசையாத காற்றைக் காட்டிலும் தண்ணீர் 20 மடங்கிற்கு மேல் உஷ்ணத்தைக் கடத்த வல்லது. ஆகையால் பாற்பாத்திரத்தைத் திண்ணையில் வைப்பதைவிட, கிணற்று நீர் நிரப்பிய தொட்டியில், பாலின் மட்டம் வரையில் நீர் நிற்குமாறு வைத்தல் நலம். நீர் சூடேறியவுடன் மாற்றவேண்டும். நடுவிலுள்ள பால் தாமதமாய்க் குளிருமாதலால், சுத்தமான கரண்டியால் இடையிடையே கலக்குதல் அவசியம்.

தொட்டி இல்லாதோர் பாத்திரத்தைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, சாக்கு உலராமல் நீர் தெளித்து வரலாம். 1 கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே என்பதைப் பள்ளிச் சிறுவர்களுக்கும் எடுத்துச் சொல்லலாம்.

இம்முறைகள் பால் கெடுவதைத் தாமதப்படுத்துமேயன்றி அடியோடு தடுக்கமாட்டா. ஆதலின் பாலைக் காலந்தாழ்த்தாது சங்கத்திற் சேர்ப்பிக்கவேண்டும்.