வள்ளியம்மா பேரன்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சாவு விழுந்தால், பறைச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்துத் தெருவுக்கே சேதி தெரியும். பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒரு கிழவி அடியெடுத்துக் கொடுப்பாள். செத்தவர் உழுத நிலம், எடுத்துக் கொடுத்த சேலை, பாதியில் நின்றுபோன வீடு எல்லாம் அங்கேயே பாட்டாகிவிடும். எழுதிவைத்துப் படிப்பதில்லை, ஆனாலும் எதுகை தப்பாது. வாயில் வந்ததைத் தாளத்தில் கட்டும் இந்த வித்தையைத்தான் ராப் பாடகர்கள் ‘ஃப்ரீஸ்டைல்’ என்கிறார்கள்.

ஒப்பாரிக்கும் ராப்புக்கும் உள்ள இந்த உறவை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போய் ரயிலேறினால் அரக்கோணம். அறிவரசு கலைநேசன் பிறந்த ஊர் அது. ‘தெருக்குறள்’ அறிவு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ராப்பின் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்ததும் எளிய மக்கள் வாழ்ந்த பகுதியில்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் தங்கை வைத்த விருந்துக்கு டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். பாட்டில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் துண்டை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல்தான் பேச்சு ஏறி உட்கார்ந்தது.

இங்கே அதற்கு மேடை போட்டவர் இயக்குநர் பா. ரஞ்சித். இசையமைப்பாளர் டென்மாவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஏறின. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. பாடியவர்களில் ஒருவர் அறிவு. மறு ஆண்டே இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குறள்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ‘காலா’, ‘மாஸ்டர்’ என்று சினிமாவும் கூப்பிட்டது.

ஆனால் அறிவின் உயிர் வள்ளியம்மாள் பாட்டியிடம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர் அவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. போக விருப்பமா என்று அந்தத் தொழிலாளிகளிடம் யாரும் கேட்கவில்லை. காட்டைத் திருத்திக் கொழுந்து பறித்த மலையும் சொந்தமில்லை. வந்திறங்கிய மண்ணிலும் காணி கிடையாது. இதைப் பள்ளிப் பாடத்தில் படித்ததாக எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

2021 மார்ச் 7இல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ இந்தக் கதையை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது. அறிவும் பாடகி தீயும் பாடினார்கள். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். வீடியோவில் வள்ளியம்மாளும் இருக்கிறார். யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டிய அந்தப் பாட்டுக்கு நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் குழந்தைகள் குதித்து ஆடினார்கள். உள்ளே ஓர் ஒப்பாரி ஓடுவது பெரியவர்களில் பலருக்கே உடனே பிடிபடவில்லை.

புகழோடு மனக்கசப்பும் வந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லாததை ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு அரங்கேறியது. பாட்டின் ஆக்கத்தில் தன் பங்கு என்ன என்று அவர் விரிவாக எழுதினார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பைச் சொன்னார். வாய்மொழியாக வந்த பாட்டு பணம் காய்க்கும் மரமானதும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நம் கிராமத்துப் பாட்டுக்காரர்கள் எல்லோருக்குமானது.

கிராமத்தில் புதிதாய் ஒரு பையனைப் பார்த்தால் பேர் கேட்பதற்கு முன் ‘யாரு வூட்டுப் புள்ள?’ என்றுதான் கேட்பார்கள். 2024இல் வந்த தன் ஆல்பத்துக்கு அறிவு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.