நுண்ணுயிரின் வாயில்கள்

நம் குடலில் வாழும் எஷரிக்கியா கோலை என்னும் பாக்டீரியா ஐந்நூற்றை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். அச்சின்னஞ்சிறு உடலைச் சுற்றிக் கொழுப்பாலான சவ்வு ஒன்று உண்டு. அயனிகளோ மின்னேற்றம் பெற்றவை. நீரை விட்டுக் கொழுப்பினுள் எளிதில் புகமாட்டா. ஆயினும் பொட்டாசிய அயனி வெளியே இருப்பதைவிட உள்ளே பன்மடங்கு மிகுந்திருக்கிறது. இஃது எவ்வாறு இயலும்?

சவ்வில் புரதத்தாலான வாயில்கள் உள்ளன. அவற்றுள் சில மதகு போன்றவை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவின் பொட்டாசிய மதகின் வடிவத்தை, 1998இல் அமெரிக்க அறிஞர் ராடரிக் மக்கின்னனும் அவர் குழுவினரும் எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்தனர். 2003இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அம்மதகு பொட்டாசியத்தை விடும். அதனினும் சிறிய சோடியத்தைத் தடுக்கும். பெரியது நுழையச் சிறியது நிற்பது விந்தையன்றோ? காரணம் இதுதான்: நீரில் உள்ள அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து தாங்குகின்றன. உள்ளே நுழைய அவற்றை உதறவேண்டும். மதகின் ஆக்சிஜன் அணுக்கள் நீரின் இடத்தில் நின்று பொட்டாசியத்தை அளவாக அணைத்துக்கொள்கின்றன. சிறிய சோடியத்துக்கு அவ்வணைப்பு எட்டுவதில்லை. அது நீரை விட்டு வருவதில்லை.

மதகுநீர் பள்ளம் நோக்கியே பாயும். மேட்டில் ஏற்ற ஏற்றம் வேண்டும். வெளியே பொட்டாசியம் அருகிவிட்டால் கோலை பாக்டீரியா கேடிபி என்னும் ஏற்றத்தை அமைத்துக்கொள்கிறது. ஏடிபி என்னும் ஆற்றல்பொருளைச் செலவிட்டு அது அயனியை உள்ளே இழுக்கிறது.

அந்த ஏடிபி எங்கிருந்து வருகிறது? பாக்டீரியா சுவாசிக்கும்போது புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பும் வழியில், அணைநீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல், சவ்விலுள்ள சுழலியைச் சுற்றுகின்றன, ஏடிபி பிறக்கிறது. புரோட்டான் ஓட்டமே ஏடிபிக்கு மூலம் என்று 1961இல் ஆங்கில அறிஞர் பீட்டர் மிட்செல் கூறியபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

“கிருமிக்குள் உப்புப் போகும் வழியை அறிந்து என்ன பயன்?” என்று விடுதித் தோழர்கள் என்னைக் கேட்பதுண்டு. உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்தியர். பழைய மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு இன்று நம் நாட்டிலும் வழங்கப்படும் பெடாகுயிலின், கிருமியின் இச்சுழலியைத்தான் பிடித்து நிறுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் இம்மருந்துக்குத் தப்பிய கிருமிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் சுழலி சற்றே மாறியிருந்தது. மருந்து தாக்கும் இடத்தை அறிஞர்க்குக் காட்டிக்கொடுத்ததும் அம்மாற்றமே. கிருமி தன் வாயிலை மாற்றிக்கொள்ளும் வரையில், அவ்வாயிலை நாமும் ஆராய்ந்துகொண்டே இருக்கவேண்டும் அல்லவா?