சிக்கனமான வீட்டுக் காய்கறித் தோட்டம்

நெசவாளர் இல்லங்களின் மாத வரவு செலவைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கைம்முட்டு நேர்ந்தவுடன் முதலில் குறைக்கப்படுவது அரிசியன்று, காய்கறியே. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் அடைமழையால் பாவு உலர்வதில்லை, தறிக்குழியில் நீர் ஊறுகின்றது, வேலை தடைப்படுகின்றது. அதே காலத்தில் சந்தையிலும் காய்கறி விலை ஏறிவிடுகின்றது. வரவு குறையும் நாளும் விலை உயரும் நாளும் ஒன்றாக வந்து சேர்வதால், பல வீடுகளில் குழம்பில் புளியும் மிளகாயும் மட்டுமே எஞ்சுகின்றன.

இது நாவின் சுவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. வளர்ந்த ஒருவர் நாள்தோறும் ஏறத்தாழ 400 கிராம் காய்கறியும் கீரையும் உண்ணுதல் நன்று என ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிகள் கூறுகின்றன. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். கீரை உண்பதொன்றால் இந்நோய் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை ஈடாகாது. ஆயினும் நாள்தோறும் இலையில் பசுமை விழுகின்ற வீடு, விழாத வீட்டைக் காட்டிலும் நோயினின்றும் சற்றுத் தொலைவில் நிற்கின்றது என்பதில் ஐயமில்லை.

வீட்டுத் தோட்டம் போடலாம் என்றதும், "அதற்குச் செலவு செய்யப் பணம் எங்கே?" என்று வினவும் அன்பர்கள் உளர். தோட்டத்திற்கு வேண்டுவன நான்கு: இடம், நீர், எரு, விதை. இவற்றுள் முதல் மூன்றும் நம் வீட்டிலேயே உள்ளன; நான்காவது அண்டை வீட்டில் உள்ளது. இவற்றை முறையாகப் பயன்படுத்தும் வகையை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

இடம்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடமே காய்ப்பயிர்களுக்கு ஏற்றது. முழுக் கொல்லையையும் ஒரே நாளில் கொத்திப் போட்டுப் பின்னர்க் கைவிடுவதைக் காட்டிலும், மூன்றடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள இரண்டு பாத்திகளுடன் தொடங்குவது நன்று. மூன்றடி அகலமாயின் இரு பக்கமிருந்தும் கை எட்டும். பாத்திக்குள் கால் வைத்து மண்ணை இறுக்க வேண்டுவதில்லை.

தறி வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி அமைத்தல் கூடாது. பாய்ச்சும் நீர் கசிந்து தறிக்குழிக்குள் இறங்கும். ஆறடியேனும் தள்ளி அமைக்க வேண்டும். பாவு ஓடும் இடத்தையும் விட்டுவிட வேண்டும்.

கொல்லை இல்லாதோரும் மனந்தளர வேண்டுவதில்லை. உடைந்த பானை, பழைய தகரம், சிமெண்டுச் சாக்கு ஆகியவற்றின் அடியில் துளையிட்டு மண்ணும் மக்கிய எருவும் நிரப்பினால் கீரையும் புதினாவும் மிளகாயும் வளரும். அவரை, புடலை போன்ற கொடிகளுக்கு வேர் ஊன்ற ஓரடி மண் போதும். பிறகு அவை பந்தலையோ கூரையையோ பற்றிக்கொள்ளும். பந்தல் கட்டுவதற்கும் கொடியைப் படர விடுவதற்கும் கயிறு வாங்க வேண்டுமா? தறியடியில் சேரும் கழிவு நூலை முறுக்கினால் அதுவே போதுமானது.

நீர்

அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் ஆகியவற்றை அப்படியே பாத்திக்கு ஊற்றலாம். சோப்புக் கலந்த நீரைக் கீரைப் பாத்தியில் விடுதல் தகாது. அதனைச் சிறு வாய்க்கால் வழியாகக் கல்வாழைப் புதருக்குள் செலுத்தி, அதன்பின் வாழைக்கும் முருங்கைக்கும் பாயச் செய்க. வாசலில் தேங்கிக் கொசுவை வளர்க்கும் நீர் இவ்வாறு பயன்படு நீராக மாறும்.

ஆனால் ஒன்றை மட்டும் நாம் மிக அழுத்தமாகக் கூற வேண்டியுள்ளது. சாயம் தோய்த்த நீர், நூல் வெளுத்த நீர், பட்டைச் சோப்பும் சோடாவும் இட்டு அவித்த நீர் ஆகிய இம்மூன்றும் தோட்டத்துப் பக்கமே வருதல் கூடாது. வீட்டின் பின்புறத்திலேயே சாயமிடும் குடும்பங்களில், "வீணாகப் போகிறதே" என்று இந்நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமன்று, பெருங்கேடு. காஸ்டிக் சோடாவும் உப்பும் மண்ணில் தங்கி வேரைக் கெடுக்கும். ஊறி இறங்கினால் கிணற்று நீரும் கெடும். பெரிய அளவில் இது நேர்ந்தமையை நொய்யல் ஆற்றங்கரையில் நாடறிந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்நீரை நம்பிய உழவர்களின் நிலம் பாழாயிற்று. 2011ஆம் ஆண்டு சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றுக்குப் பொருந்தும் நீதி கொல்லைக்கும் பொருந்தும். சாயமிடும் இடத்திற்கும் பாத்திக்கும் இடையே நீர் ஓடாதவாறு வரப்பு உயர்த்துக. சாயத் தொட்டி இருந்த மண்ணில் உண்பயிர் எதையும் நடாதீர்.

கோடையில் நீர் குறையும்போது, மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், அது சிறிது சிறிதாகக் கசிந்து சுற்றியுள்ள செடிகளை ஈரத்துடன் வைத்திருக்கும். செடியடியில் சருகையோ தேங்காய் மட்டையையோ பரப்பினால் ஈரம் விரைவில் உலராது.

எரு

மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள ஒரு குழியே வீட்டின் எருக்கிடங்கு. சருகு, காய்கறித் தோல், வாழை மட்டை ஆகியவற்றை அரையடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மேலும் சாணக்கரைசலைத் தெளித்துச் சிறிது மண் தூவ வேண்டும். மாதம் ஒருமுறை கிளறி, ஈரம் குறையாமல் காத்தால் மூன்று நான்கு திங்களில் கறுத்து உதிரும் நல்ல எரு கிடைக்கும். கழிவுகளை இவ்வாறு அடுக்கி, கிளறி எருவாக்கும் முறையையே ஆல்பர்ட் ஓவர்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் இந்தூரில் ஆய்ந்து 1931இல் நூலாக வெளியிட்டார்.

சாயமிடாத பருத்திக் கழிவு இக்குழியில் நன்கு மக்கும். சாயமிட்ட நூல், சரிகை, பாலியெஸ்டர் ஆகியவற்றை இடாதீர். பாவுக்கு இட்டு மிஞ்சிய கஞ்சியையும் குழியில் ஊற்றலாம். மயில்துத்தம் கலந்த கஞ்சியாயின் விலக்குக. அடுப்புச் சாம்பல் நல்லதேயாயினும் மிகுதியாக இட்டால் மண் காரத்தன்மை அடையும். கைப்பிடி அளவே போதும்.

விதை

கூட்டுறவின் பயன் நன்கு விளங்குவது இங்கேதான். பத்துக் கிராம் கத்தரி விதையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் உள்ளன. ஒரு குடும்பத்துக்கு வேண்டுவதோ எட்டுச் செடிகள்! தெருவிலுள்ள பத்து வீட்டார் தனித்தனியே விதை வாங்குவது பத்து மடங்கு வீண் செலவு. ஒரு வீட்டார் கத்தரி நாற்றும், அடுத்த வீட்டார் தக்காளி நாற்றும், மற்றொரு வீட்டார் மிளகாய் நாற்றும் விட்டு, நான்கு அல்லது ஐந்து வாரங்களில் நாற்றுகளை மாற்றிக்கொண்டால் அனைவர் தோட்டமும் நிறையும். அடுத்த ஆண்டுக்கு அச்செலவும் வேண்டுவதில்லை. நோயற்ற செடியில், முதலில் காய்க்கும் நல்ல காய்கள் இரண்டைப் பறிக்காமல் விட்டுவிடுக. கடைசியில் எஞ்சும் சூம்பற்காயை விதைக்கு விடும் வழக்கம் தவறு. கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுத்தபின் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். வீரிய ஒட்டுவிதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல் விளையாது. ஆகையால் முதலிலேயே நாட்டு வகைகளைத் தேர்ந்துகொள்க. நம் சங்கங்களைச் சேர்ந்த உழவர் வீடுகளில் இவ்விதைகள் இன்றும் உள்ளன, கேட்டால் மறுப்பாரில்லை.

எதனை, எப்போது?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, புடலை, பாகல் ஆகியவற்றுக்கு ஆடி உகந்தது. வெண்டை ஐம்பது நாளுக்குள் காய்க்கத் தொடங்கும். அவரையோ பொறுமையைச் சோதிக்கும். பனி தொடங்கிய பின்னரே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். தைப் பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பரங்கி ஆகியவற்றை விதைக்கலாம்.

முளைக்கீரை மூன்று நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். பாத்தி ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒரு பகுதியாக விதைத்து வந்தால், நான்காம் பகுதியை விதைத்த சில நாளில் முதற் பகுதி பறிப்புக்கு வந்துவிடும். விதை மிக நுண்ணியதாகலின் பத்துப் பங்கு மணலுடன் கலந்து தூவ வேண்டும். அரைக்கீரையை வேருடன் பிடுங்காமல் அறுத்துவந்தால் பலமுறை துளிர்க்கும். அடைமழையில் கீரை அழுகும். அக்காலத்தில் துணை நிற்பது முருங்கையும் அகத்தியுமே. ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவிட்டால் அது வாங்காத கீரைக்கடை.

பூச்சி

கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு உள்ளது. அந்நுனியைக் கிள்ளி அழிக்க வேண்டும். வெண்டை இலை நரம்பு மஞ்சளாக மாறினால் அச்செடிக்கு மருந்தில்லை. வெள்ளை ஈக்கள் நோயைப் பிற செடிகளுக்குப் பரப்புமுன் பிடுங்கிவிடுக. பொதுக் காப்பாக, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். உண்ணும் கீரையின்மேல் கடை நஞ்சுகளைத் தெளிப்பதற்கு வீட்டுத் தோட்டத்தில் இடமே இல்லை.

கணக்கு

நாள்தோறும் பறித்த காய்கறியை, அன்றைய சந்தை விலையுடன் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருக. பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைக்கலாம். ஆண்டிறுதியில் அத்தொகையைக் காணும்போது, தோட்டம் பொழுதுபோக்கன்று, வீட்டின் மற்றொரு வருவாய் என்பது தெளிவாகும்.

எரு மக்குவதற்கு நான்கு திங்கள் வேண்டும். ஆகவே ஆடியில் விதைக்க விரும்புவோர் பங்குனியிலேயே குழி தோண்டிவிட வேண்டும். எவ்வீட்டார் எந்நாற்று விடுவது என்பதைத் தெருவார் ஒன்றுகூடி வைகாசிக்குள் முடிவு செய்துகொள்வாராக. நூலைக் கூட்டாக வாங்கி, துணியைக் கூட்டாக விற்கக் கற்ற நாம், ஒரு பிடி விதையைப் பகிர்ந்துகொள்வது அரிதன்று.