பழைய சவரத் தூரிகைக்குப் புது மயிர்க் கற்றை

சவரத் தூரிகை இரண்டு உறுப்புகள் கூடிய ஒரு சிறு கருவி. ஒன்று கைப்பிடி, மற்றொன்று அதன் தலைக்குழியில் பசையிட்டுப் பதித்த மயிர்க் கற்றை. இவ்விரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. நாள்தோறும் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறும் மயிர் சில ஆண்டுகளில் உதிரத் தொடங்கும். மரம், கொம்பு, எலும்பு, பித்தளை, பேக்லைட் ஆகியவற்றாலான கைப்பிடியோ இரண்டு தலைமுறை கடந்தும் உறுதியாக நிற்கும். உத்தியோக நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர், வீட்டை ஒழிக்கும்போது பாட்டனாரின் தூரிகையை மயிர் கொட்டிவிட்டது என்று எறிந்துவிடுகின்றனர். கெட்டது மயிரே அன்றிக் கைப்பிடி அன்று.

பழைய மயிரை நீக்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், தூரிகைக்கு உகந்ததெனக் கருதப்பட்ட பாட்ஜர் என்னும் விலங்கின் மயிர் மேனாடுகளில் கிடைப்பது அரிதாயிற்று. அதற்கு ஈடாக ஆசியாவிலிருந்து தருவித்த குதிரை மயிர் சரிவரத் தூய்மை செய்யப்படாமலே தூரிகைகளில் ஏறியது. அதில் ஒட்டியிருந்த அடைப்பான் நோயின் வித்துகள் சவரக் கீறல் வழியே உடலிற் புகுந்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலரைப் பலிகொண்டன. 1920-இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரிட்டன் தடை செய்தது. அவ்வித்துகள் நெடுங்காலம் அழியாதிருக்க வல்லவை. இன்று இந்த ஆபத்து மிகச் சிறிதே. எனினும், அக்காலத்துக் குதிரைமயிர்த் தூரிகை என ஐயம் எழுந்தால் அதனைத் துளையிடாமல் கண்ணாடிப் பேழையில் காட்சிப் பொருளாக வைப்பதே அறிவுடைமை.

ஏனையவற்றைப் புதுப்பிக்கும் முறை கடினமானதன்று. கையுறையும் முகத்திரையும் அணிந்து, மயிரை நன்கு நனைத்து, கைப்பிடியின் விளிம்பை ஒட்டிக் கத்தரிக்க வேண்டும். நனைத்த மயிரிலிருந்து தூசி பறக்காது. பின்னர்க் கைப்பிடியைத் துணியிற் சுற்றிப் பிடிப்பானில் இறுக்கி, சிறிய துளைப்பானால் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, எஞ்சிய மயிரையும் பசையையும் அகற்ற வேண்டும். வேகம் கூடாது, பேக்லைட் எளிதில் விரிசல் விடும், ஸெல்லுலாய்டோ சூட்டில் தீப்பற்றும். மரத்தையும் எலும்பையும் கொதிநீரில் இடலாகாது. கருவி இல்லாதோர் கடைசல் பட்டறைக்குக் கொடுக்கலாம். வடமாநிலக் கடைவீதிகளில் ‘கராத்’ என்று விசாரித்தால் வழி காட்டுவர்.

குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்த பின்னரே புதிய கற்றையை வாங்க வேண்டும். பன்றி மயிர், பாட்ஜர் மயிர், செயற்கை இழை என மூவகைக் கற்றைகள் கிடைக்கின்றன. விலங்கின் மயிரை விரும்பாதோர்க்குச் செயற்கை இழை ஏற்றது. அது விரைவில் உலரவும் செய்யும். கீரி மயிர் என்று எவரேனும் விற்க வந்தால் மறுத்துவிடுக. கீரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பிராணி.

பசையிடுமுன் கற்றையை வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். ஆழமாகப் பதித்தால் தூரிகை விறைப்பாகும். மேலே நிறுத்தினால் மென்மையாகும். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கற்றைக்கு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் மயிர் வெளியே நிற்பது பொதுவாகப் பொருந்தும். குழி ஆழமாயின் தக்கைத் துண்டை அடியிலிட்டு உயர்த்தலாம். அரால்டைட் போன்ற, இரண்டு குழம்புகளைக் கலந்து பூசும் பசையை அளவாக இட்டு, கற்றையை நேராக நிறுத்தி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைக்க வேண்டும். பசை மிகுந்தால் மயிரில் ஏறிக் கெட்டிப்படும்; குறைந்தால் இடுக்கில் நீர் தங்கிக் கைப்பிடியைக் கெடுக்கும்.

பின்னர் ஒவ்வொரு நாளும் சோப்பு நீங்க அலசி, நீரை உதறி, காற்றாட உலர விடுக. ஈரத்தோடு பெட்டியில் மூடாதிருந்தால், புதிய கற்றையும் பல்லாண்டு உழைக்கும்.