சிறு தொட்டிக்கு ஏற்ற மீன் எது?

வெளியூரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் பெரும்பாலும் கொல்லைப்புறம் இல்லை, கிணற்றடி இல்லை, கன்று கட்ட இடமும் இல்லை. இரண்டே அறைகளில் வளரும் குழந்தை ஏதேனும் ஓர் உயிரை வளர்க்க ஆசைப்பட்டால், பெற்றோருக்கு முதலில் தோன்றுவது கண்ணாடித் தொட்டி மீன்தான். இடம் அடைக்காது, சத்தம் போடாது, வீட்டுக்காரரும் ஆட்சேபிக்க மாட்டார். தொட்டி சிறியதானால் தொல்லையும் சிறியது என்று நாங்களும் எண்ணினோம். அது தவறு என்பதை இரண்டு மீன்களைப் பறிகொடுத்த பின்னரே உணர்ந்தோம்.

கொல்கத்தாவில் எங்கள் எட்டு வயது மகளின் பிறந்தநாளுக்கென, ஒரு கடையில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு தங்கமீன்களும் வாங்கினோம். கிண்ணம் கொண்ட நீர் ஐந்து லிட்டர். ஆறாம் நாள் ஒரு மீன் மாண்டது. ஒன்பதாம் நாள் மற்றதும் மாண்டது. “தினமும் மூன்று வேளை சாப்பாடு போட்டேனே, அப்பா!” என்று குழந்தை விம்மினாள். அவள் அன்போடு அள்ளிப் போட்ட உணவும் ஒரு காரணம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. பழகிய தொட்டியில், கல்லிலும் வடிகட்டியிலும் வளரும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். பெரிய தொட்டியில் நஞ்சு நீரில் கலந்து நீர்த்துப் போகும். சிறு கிண்ணத்திலோ ஒரே நாளில் மிகுந்துவிடும். தங்கமீனோ மிகுதியாகக் கழிவிடும் இனம். நன்கு வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும். பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதைக் கிண்ணத்தில் இடுவது, பால்குடிக் கன்றுதானே என்று அலமாரியில் கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே, மீனைப் பார்க்குமுன் நீரை அளக்க வேண்டும். நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 30, 20, 20 அளவுள்ள தொட்டி 12 லிட்டர் கொள்ளும். 45, 25, 25 எனில் ஏறக்குறைய 28 லிட்டர்.

பத்து லிட்டருக்குக் குறைந்தால் மீனே வேண்டாம், நீர்ச்செடிகள் வளர்க்கலாம். பன்னிரண்டு முதல் இருபது லிட்டர் வரை ஒரே ஒரு சண்டைமீன் போதும். தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனாலேயே கடைகளில் இதைச் சிறு குப்பியில் அடைத்து வைக்கின்றனர். காற்றைச் சுவாசிப்பதால் நஞ்சைத் தாங்கிவிடும் என்று பொருளல்ல. இரண்டு ஆண்மீன்களை ஒன்றாக விட்டால் சண்டையிட்டே மடியும். இருபத்தெட்டு லிட்டருக்கு நான்கைந்து கப்பி மீன்கள் பொருந்தும். ஆனால் ஆண்மீன்களாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். பெண் ஒன்று சேர்ந்தாலும் மாதந்தோறும் குஞ்சுகள் பெருகித் தொட்டி நிறைந்துவிடும்.

நாற்பது லிட்டர் உள்ளவர்கள் தேன் கௌராமி இணையொன்றை வளர்க்கலாம். இது வங்காள நீர்நிலைகளிலேயே பிறந்த மீன். இங்குள்ளோர் ‘கொல்ஷே’ என்றழைக்கும் மீன்களின் உறவு. 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் வெளியிட்ட நூலிலேயே இதன் விவரம் உள்ளது. வரிக்குதிரை மீனும் அந்நூலில் இடம்பெற்றதே. அது சிறியதாயினும் கூட்டமாக விரைந்தோடும் இயல்புடையது. அதற்கு இரண்டடி நீளத் தொட்டியேனும் தேவை. உடலின் அளவை மட்டும் பார்த்து ஏமாறலாகாது.

இரண்டாம் முறை நாங்கள் பொறுமையாக இருந்தோம். இருபது லிட்டர் தொட்டியில் சிறு வடிகட்டி பொருத்தி, நுண்ணுயிர்கள் பெருகுவதற்கென நாள்தோறும் சிட்டிகை மீனுணவு இட்டு, ஆறு வாரம் மீனின்றி ஓடவிட்டோம். நீரைப் பரிசோதனைத் துளிகளால் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று உறுதியான பின்னரே, ஒரு ஞாயிறு காலை வட கொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தைக்குச் சென்று நீலநிறச் சண்டைமீன் ஒன்றை வாங்கினோம். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுகிறோம்; குழாய் நீரில் குளோரின் நீக்கும் மருந்து சேர்த்த பின்னரே ஊற்றுகிறோம். சண்டைமீனுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும். இங்கு ஜனவரி இரவுகள் குளிர்ந்துவிடுவதால் சிறு வெப்பமூட்டியும் வைத்துள்ளோம்.

விடுப்பில் ஊருக்குச் செல்லும்போது கவலை எழும். நலமான பெரிய மீன் நான்கைந்து நாள் உணவின்றி இருக்கும். நீண்ட விடுப்பானால், ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அண்டை வீட்டாரிடம் கொடுப்பது நலம். டப்பாவோடு கொடுத்தால் அவர்களும் அன்பு மிகுந்து அள்ளிப் போடுவார்கள். மாற்றல் உத்தரவு வந்தால் மீனை வேறொரு குடும்பத்திடம் ஒப்படையுங்கள். ஏரியிலோ குளத்திலோ விடுவது அங்குள்ள மீனினங்களுக்குத் தீங்காகும்.

எங்கள் மகள் இப்போது காலையில் மூன்று உருண்டை உணவை எண்ணிப் போடுகிறாள். நான்காவதை எடுத்தாலும் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீண்டும் டப்பாவிலேயே போட்டுவிடுகிறாள்.